கடல் கடந்த மணமும் கரையில் நின்ற சட்டமும்

சென்ற தைத் திங்களில் நம் குடியிருப்பில் ஒரு பெண்ணுக்கு நிச்சயதார்த்தம் நடந்தது. மாப்பிள்ளை இலண்டனில் வேலை பார்ப்பவர். விழா முடிந்த மறுவாரம் பெண்ணின் தந்தையார் ஒரு கட்டுத் தாள்களுடன் என் இல்லத்திற்கு வந்தார். படிவம் நிரப்புவதில் பழக்கப்பட்டவன் என்பதால் இத்தகைய பணிகள் என்னிடம் வந்து சேர்வது வழக்கம். இங்கிலாந்து செல்ல வேண்டிய பெண்ணின் விசா விண்ணப்பம் அது. இருவரும் நேரில் சந்தித்ததற்குச் சான்று உண்டா, மணம் முடிக்கும் எண்ணம் மெய்யானதா, மாப்பிள்ளையின் ஆண்டு வருமானம் எவ்வளவு என்று பக்கம் பக்கமாகக் கேள்விகள். உடன் வந்திருந்த பாட்டியார் பொறுமை இழந்து, “ஏன் தம்பி, ஊரே பார்க்கத் தட்டு மாத்தியிருக்கோம், அதைவிட என்ன சாட்சி வேணுமாம் அந்தத் துரைக்கு?” என்று கேட்டார்.

அப்போது எனக்கு விடை சொல்லத் தெரியவில்லை. நானும் ஒரு மேசைக்குப் பின்னால் அமர்ந்திருப்பவன்தான். புதிதாக மணமான ஊழியர் தம் மனைவிக்கும் சேர்த்து இரயில்வே பாஸ் கேட்டு வந்தால், “அத்தாட்சி எங்கே?” என்று கேட்பவன். அவர் மணத்திற்குச் சென்று வாழ்த்தி விருந்துண்டு வந்த நானே அவ்வாறு கேட்க வேண்டியிருக்கிறது! ஆனால், பாட்டியாரின் கேள்வி புதியதன்று. ஒரு நூற்றாண்டுக்கு முன்னர் அதே கேள்வியைக் கேட்டுக்கொண்டு தமிழ்ப் பெண்கள் சிறை புகுந்திருக்கிறார்கள். அந்த வரலாற்றை நம் சங்கத்துக் குடும்பங்கள், குறிப்பாக இளைய தலைமுறையினர், அறிந்துகொள்வது நன்று எனக் கருதி இக்கட்டுரையை வரைகின்றேன்.

1860ஆம் ஆண்டு அக்டோபரில் சென்னைத் துறைமுகத்திலிருந்து ‘ட்ரூரோ’ என்னும் கப்பல் புறப்பட்டது. அதில் 342 பேர் இருந்தனர். நவம்பர் 16ஆம் நாள் அது தென்னாப்பிரிக்காவின் டர்பன் துறையை அடைந்தது. நேட்டாலில் இருந்த வெள்ளையரின் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகச் சென்ற முதற்கூட்டம் அது. ஐந்தாண்டு ஒப்பந்தம். நூறு ஆண்களுக்கு நாற்பது பெண்களேனும் இருக்க வேண்டும் என்பது அக்கால விதி. எனவே கணவனும் மனைவியுமாகச் சென்றவரும் உண்டு. தனியே சென்ற பெண்களும் உண்டு. ஒப்பந்தம் முடிந்த பின் பலர் அங்கேயே தங்கினர். காய்கறி பயிரிட்டனர், கடை வைத்தனர், கோயில் கட்டினர். அவர்களுக்குப் பின்னால் தம் சொந்தச் செலவில் வணிகர்களும் சென்றனர்.

தங்கியவர்களை வெள்ளையர் அரசு விரும்பவில்லை. 1895இல் இயற்றிய சட்டத்தின்படி, ஒப்பந்தம் முடிந்தும் ஊர் திரும்பாதவர்மீது ஆண்டுக்கு 3 பவுன் வரி விதித்தது. பின்னர் 16 வயதான ஆண்பிள்ளைக்கும் 13 வயதான பெண்பிள்ளைக்கும் அவ்வரி உண்டு என்றது. மாதக்கூலி சில ஷில்லிங்குகளே பெற்ற ஏழைக் குடும்பம் ஒன்று நான்கு தலைக்கு 12 பவுன் கட்டுவது எங்ஙனம்? புதிதாக வருவோரைத் தடுக்கவும் 1897இல் ஒரு குடியேற்றத் தடைச் சட்டம் வந்தது. ஐரோப்பிய மொழி ஒன்றில் எழுதத் தெரிந்தவரே உள்ளே வரலாம். ஆயினும் அங்கு ஏற்கெனவே குடியுரிமை பெற்றவருடைய மனைவிக்கும் வயது வராத மக்களுக்கும் இத்தடையிலிருந்து விலக்கு இருந்தது.

‘மனைவி’ என்ற அந்த ஒரு சொல்லை நம்பியே ஆயிரக்கணக்கான குடும்பங்கள் இருந்தன. ஊருக்கு வந்து மணம் முடித்துக் கப்பலில் திரும்பினர். அல்லது மனைவியை ஊரில் விட்டுச் சென்று, கையில் நாலு காசு சேர்ந்தபின் அழைத்துக்கொண்டனர். அச்சொல்லின் பொருள் என்ன என்று எவரும் ஐயுறவில்லை. நம்மவர்க்குத் தாலி கட்டியவள் மனைவி. இசுலாமியர்க்கு நிக்காஹ் முடித்தவள் மனைவி. இதில் ஐயத்திற்கு இடம் ஏது?

இடம் உண்டு என்றது நீதிமன்றம். போர்ட் எலிசபெத்தில் வாழ்ந்த ஹசன் எசாப் என்னும் இந்திய முசுலிம், இந்தியாவில் மணந்த தம் மனைவியை அழைத்து வந்தபோது அந்த அம்மையாரைக் குடியேற்ற அதிகாரிகள் இறங்க விடவில்லை. வழக்கு கேப் மாநில உயர்நீதிமன்றம் சென்றது. 1913ஆம் ஆண்டு மார்ச்சு 14ஆம் நாள் நீதிபதி சர்ல் தீர்ப்பளித்தார். பலதார மணத்திற்கு இடந்தரும் மதத்தின் முறைப்படி நடந்த மணம், சட்டத்தின் கண்ணில் மணமன்று. எனவே அந்த அம்மையார் சட்டப்படி ‘மனைவி’ அல்லர் என்பது அத்தீர்ப்பின் சாரம். ஹசன் எசாபுக்கு ஒரே மனைவிதானே என்ற வாதம் எடுபடவில்லை.

அன்பர்கள் இத்தீர்ப்பின் விளைவைச் சற்று எண்ணிப் பார்த்தல் வேண்டும். கிறித்தவ முறைப்படி நடவாததும், பதிவாளரிடம் பதியப்படாததுமான மணம் எல்லாம் ஒரே நாளில் செல்லாதனவாயின. இருபது ஆண்டு குடும்பம் நடத்திப் பேரன் பேத்தி கண்ட மூதாட்டியும் சட்டத்தின்படி மனைவியல்லள். அவள் பெற்ற பிள்ளைகளுக்குத் தந்தையின் சொத்தில் உரிமை கேள்விக்குரியதாயிற்று. ஊருக்கு ஒருமுறை வந்து திரும்பினால், துறைமுகத்தில் அவளைத் தடுத்து நிறுத்தலாம். அதே ஆண்டு ஆகஸ்டு 1ஆம் நாள் நடைமுறைக்கு வந்த புதிய குடியேற்றச் சட்டமும் இக்குறையைத் தீர்க்கவில்லை. அதற்கு முந்தைய ஆண்டில் கோபால கிருஷ்ண கோகலே அங்குச் சென்றபோது 3 பவுன் வரியை நீக்குவதாக அமைச்சர்கள் வாக்களித்தனர் என்று அவர் கூறியிருந்தார். அதையும் அரசு மறுத்துவிட்டது.

அதுவரை காந்தியடிகளின் அறப்போரில் பெண்களைச் சேர்த்ததில்லை. இப்போது அவர்களுக்கே நேர்ந்த இழிவு ஆதலின் அவர்களும் களத்தில் இறங்கினர். செப்டம்பர் 15ஆம் நாள் பீனிக்ஸ் குடியிருப்பிலிருந்து கஸ்தூரிபா அம்மையார் உள்ளிட்ட 16 பேர் புறப்பட்டு, அனுமதியின்றி டிரான்ஸ்வால் எல்லையைக் கடந்து சிறை சென்றனர். மற்றொரு புறம் ஜோகானஸ்பர்க்கிலிருந்து 11 பெண்கள் கிளம்பினர். அவர்களுள் ஒருவர் நீங்கலாக ஏனையோர் அனைவரும் தமிழ் வழிக் குடும்பத்தினர் எனக் காந்தியடிகளே எழுதியிருக்கிறார். தம்பி நாயுடுவின் மனைவியார் அவர்களுள் ஒருவர். தம்பி நாயுடு யார் எனில், மொரீசியசில் பிறந்து ஜோகானஸ்பர்க்கில் வாழ்ந்தவர்; அங்கிருந்த தமிழர் நலச் சங்கத்தின் தலைவர். நம்மைப் போலவே பிறந்த மண் விட்டு வந்தோர் கூடி நடத்திய சங்கம் அது. ஆண்டு விழா நடத்துவதோடு நில்லாமல் சிறைக்கும் ஆள் அனுப்பிய சங்கம் என்பதை நம் செயற்குழுவினர் கவனத்திற்குக் கொண்டுவர விரும்புகின்றேன்!

அந்தப் பதினொரு பெண்களில் அறுவர் கைக்குழந்தையை இடுப்பில் ஏந்தியவர்கள். எல்லையைக் கடந்தால் கைது செய்வார்கள் என எண்ணிச் சென்றனர். காவலர் கைது செய்யவில்லை. எனவே நியூகாசில் நகருக்குச் சென்று நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளரிடம் பேசினர். சுரங்கத்தில் உழைத்தவருள் தமிழ் அறிந்தோர் பலர். 3 பவுன் வரியின் கொடுமையும் மணம் செல்லாது என்ற தீர்ப்பின் இழிவும் தாய்மொழியில், அதுவும் குழந்தையைத் தோளில் போட்ட பெண்கள் வாயிலாகக் கேட்டபோது, வேலை நிறுத்தம் காட்டுத் தீயெனப் பரவியது. அரசு விழித்துக்கொண்டு அப்பெண்களைக் கைது செய்து, மூன்று மாதக் கடுங்காவல் விதித்து மாரிட்ஸ்பர்க் சிறைக்கு அனுப்பியது. அதற்குள் காரியம் கைமீறிவிட்டது. நவம்பர் 6ஆம் நாள் காந்தியடிகளின் தலைமையில் 2,037 ஆண்களும் 127 பெண்களும் 57 குழந்தைகளும் டிரான்ஸ்வாலை நோக்கி நடந்தனர். அந்நடைப் பயணத்தில் இரு தாய்மார் தம் குழந்தைகளைப் பறிகொடுத்தனர். ஒன்று குளிரில் இறந்தது. மற்றொன்று ஓடையைக் கடக்கையில் தாயின் கையிலிருந்து நழுவி நீரில் போயிற்று. இறந்தவர்க்காக அழுது நிற்பதால் பயனில்லை என்று கூறி அத்தாய்மார் தொடர்ந்து நடந்தனராம்.

தில்லையாடி வள்ளியம்மையின் பெயரை அறியாதார் நம்மில் இரார். ஆனால், அவர் எதன்பொருட்டுச் சிறை சென்றார் என வினவினால் பலர் ‘விடுதலைக்காக’ என்று பொதுப்படக் கூறி நின்றுவிடுகின்றனர். ஜோகானஸ்பர்க்கில் 1898ஆம் ஆண்டு பிப்ரவரி 22ஆம் நாள் பிறந்த அச்சிறுமிக்கு, அப்போது மணமே ஆகவில்லை. தில்லையாடி அவர் தாயின் ஊர். தன் தாய்க்கும், தாயைப் போன்ற ஆயிரம் பெண்களுக்கும் ‘மனைவி’ என்ற பெயர் மறுக்கப்பட்டதை எதிர்த்தே, மணமாகாத அப்பெண் தாயுடன் சிறை புகுந்தார். சிறையில் காய்ச்சல் கண்டது. விடுதலையாகி வந்தபோது எலும்புக்கூடாய் இருந்தார். சிறை சென்றதற்காக வருந்துகிறாயா என்று காந்தியடிகள் கேட்டபோது, இல்லை, மீண்டும் செல்வேன் என்றார். 1914 பிப்ரவரி 22ஆம் நாள், தம் பதினாறாவது பிறந்த நாளில் உயிர் நீத்தார்.

அவ்வாண்டே இந்தியர் குறைதீர்ப்புச் சட்டம் நிறைவேறியது. 3 பவுன் வரி ஒழிந்தது. இந்திய மதமுறைப்படி நடந்த மணத்தின் வழி ஒருவருக்கு ஒரு மனைவி என்ற அளவில் சட்டம் ஏற்றுக்கொண்டது. அவளும் அவள் மக்களும் நாட்டினுள் வரலாம் என்றாயிற்று. ஜூலையில் தென்னாப்பிரிக்காவை விட்டுப் புறப்பட்ட காந்தியடிகள், 1915 மே 8ஆம் நாள் நம் பெங்களூருக்கு வந்து கோகலேயின் திருவுருவப் படத்தைத் திறந்துவைத்தார். அதே ஆண்டில் தில்லையாடிக்கும் சென்றார்.

ஆனால், வென்ற உரிமை நிலைத்து நிற்கவில்லை. 1927ஆம் ஆண்டுக் கேப்டவுன் உடன்படிக்கையின்படி, வருபவள் மெய்யாகவே மனைவிதான் என்று இந்திய அரசு சான்றளிக்க வேண்டும் என்றாயிற்று. அவ்வாண்டு இந்தியாவின் முதல் பிரதிநிதியாக அங்குச் சென்றவர் வலங்கைமான் தந்த சீனிவாச சாஸ்திரியார். 1953இல் நிறவெறி அரசு கொண்டுவந்த திருத்தச் சட்டம், இந்தியாவிலிருந்து மனைவியரை அழைத்துவரும் வாயிலையே அடைத்தது.

வெள்ளையரை மட்டும் குறை கூறி அமைவது நேர்மையாகாது. அதே 1950களில், புரோகிதரும் சடங்கும் இன்றி நடந்த சுயமரியாதைத் திருமணம் சட்டப்படி செல்லாது என்று நம் சென்னை உயர்நீதிமன்றமே தீர்ப்புரைத்தது. ஊரறிய மாலை மாற்றி வாழ்ந்த தம்பதியர் பலர் அன்று சர்ல் தீர்ப்பின் சூட்டைச் சொந்த நாட்டிலேயே உணர்ந்தனர். அண்ணா முதலமைச்சரான பின், 1967இல் கொண்டுவந்த திருத்தமே அம்மணங்களுக்குச் சட்ட ஏற்பு அளித்தது.

இனி இங்கிலாந்துக்கு வருவோம். 1970களில் அங்கே ஒரு விதி இருந்தது. மனைவியாக வருபவள் முன்னனுமதி பெற்றே கப்பலோ விமானமோ ஏற வேண்டும். நிச்சயிக்கப்பட்ட பெண்ணாக வந்து மூன்று மாதத்துள் மணம் புரிபவளுக்கு அது தேவையில்லை. 1979 ஜனவரியில் இலண்டன் ஹீத்ரு விமான நிலையத்தில் 35 வயதான இந்திய ஆசிரியை ஒருவர், தம் வருங்காலக் கணவரை மணக்க வந்து இறங்கினார். இவர் ஏற்கெனவே மணமானவராய் இருக்கலாம் என்று அதிகாரிகள் ஐயுற்றனர். அதைத் தீர்க்க அவர்கள் கையாண்ட வழியை எழுதவே கை கூசுகிறது. மருத்துவரைக் கொண்டு அப்பெண்ணின் கன்னிமையைச் சோதித்தனர்! செய்தி ஏட்டில் வந்ததும் இங்கும் அங்கும் பெருங்கொதிப்பு எழுந்தது. பிரதமர் மொரார்ஜி தேசாயின் அரசு கண்டித்தது. சோதனை நிறுத்தப்பட்டது. ஒரு பெண்ணுக்கு மட்டும் நேர்ந்த தவறு என்று அப்போது எண்ணப்பட்டது. 2011இல் வெளிவந்த பழைய அரசாங்க ஆவணங்களோ, அத்தகைய சோதனைக்கு 80 பெண்களேனும் உட்படுத்தப்பட்டனர் எனவும், அவர்களுள் மிகப் பலர் டில்லி, பம்பாய் அலுவலகங்களிலேயே சோதிக்கப்பட்டனர் எனவும் காட்டின.

1980களில் ‘முதன்மை நோக்கம்’ என்றொரு விதி வந்தது. மணத்தின் முதல் நோக்கம் இங்கிலாந்தில் குடியேறுவதன்று என மாப்பிள்ளையே மெய்ப்பிக்க வேண்டும். ஆண்களுக்கு ஒரு நீதி, பெண்களுக்கு ஒரு நீதியா என்று மூன்று பெண்கள் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் சென்று 1985இல் வென்றனர். பிரிட்டிஷ் அரசு என்ன செய்தது தெரியுமா? பாகுபாட்டை நீக்குகிறோம் என்று கூறி அந்தக் கடுஞ்சோதனையை மனைவியருக்கும் நீட்டித்தது! 1997இல்தான் அவ்விதி ஒழிந்தது.

இன்று நிச்சயிக்கப்பட்டவர்க்கான விதிகள் நாட்டுக்கு நாடு வேறுபடுகின்றன. அமெரிக்காவில் சென்று இறங்கிய 90 நாட்களுக்குள் மணம் நடந்தாக வேண்டும். விண்ணப்பத்திற்கு முந்தைய ஈராண்டுக்குள் இருவரும் நேரில் சந்தித்திருக்கவும் வேண்டும். மணத்திற்கு முன் சந்திப்பதை வழக்கம் தடுக்குமாயின் விலக்குக் கோரலாம் என்பது நம் பாட்டிமார் காலத்திற்குப் பொருந்திய விதி. கனடா 2002ஆம் ஆண்டுச் சட்டத்தோடு ‘நிச்சயிக்கப்பட்டவர்’ என்ற பிரிவையே எடுத்துவிட்டது. இங்கிலாந்தில் ஆறு மாதம் தங்க அனுமதி. அதற்குள் மணம் முடிக்க வேண்டும். அதுவரை வேலை பார்க்கலாகாது. மணம் முடிந்ததும் மறுபடியும் விண்ணப்பம், மறுபடியும் கட்டணம். அழைப்பவரின் வருமானம் ஆண்டுக்கு 18,600 பவுன் இருக்க வேண்டும் என 2012இல் விதித்தனர். 2024 ஏப்ரலில் அதை 29,000 ஆக்கினர்.

நம் குடியிருப்புப் பெண்ணின் வீட்டார் இவற்றையெல்லாம் கேட்டபின் வேறு முடிவுக்கு வந்தனர். நிச்சயிக்கப்பட்டவளாக அனுப்பி இருமுறை கட்டணம் செலுத்துவதைவிட, மனைவியாகவே அனுப்பலாம் என்பது அவர்கள் கணக்கு. 1954ஆம் ஆண்டுச் சிறப்புத் திருமணச் சட்டத்தின்கீழ் அறிவிப்புக் கொடுத்து, முப்பது நாள் காத்திருந்து, மாப்பிள்ளை விடுப்பில் வந்தபோது பெங்களூர்ப் பதிவு அலுவலகத்தில் மணம் பதிவாயிற்று. மூன்று சாட்சிகளுள் நானும் ஒருவன். தாலி கட்டும் முகூர்த்தம் மூன்று வாரம் கழித்து. அன்று தாலி இருந்தது, தாள் இல்லை. இன்று தாள் இருக்கிறது, தாலி இல்லை. கையெழுத்திட்ட நிமிடம் முதல் அவள் மனைவி என்கிறது சட்டம். பாட்டியாரோ, “அதெல்லாம் அந்தத் துரைக்கு” என்று கூறி, பதிவு அலுவலக வாயிலிலேயே பேத்தியின் கையைப் பற்றி ஆட்டோவில் ஏற்றித் தம் வீட்டிற்கு அழைத்துச் சென்றுவிட்டார். மாப்பிள்ளை என்னோடு பேருந்தில் வந்தார்.