ஆக்ஸ்போர்டில் கூடிய ஒரு சிறு குழு

குழு என்னும் சொல்லைக் கேட்டவுடன் நம்மில் பலருக்குப் புன்னகை தோன்றும். கூடிப் பேசி, தேநீர் அருந்தி, அடுத்த கூட்டத்திற்கு நாள் குறித்துக் கலைவதே குழுவின் தொழில் என்று எண்ணுவோர் உளர். முப்பது ஆண்டுகளுக்கு மேல் பள்ளிகளில் பணியாற்றிய நானும் பல குழுக்களில் அமர்ந்தவனே. ஆதலின் அவ்வெண்ணம் முற்றும் தவறு என்று கூற மாட்டேன். ஆயினும் ஊதியம் பெறாத சிலர் ஒரு மேசையைச் சுற்றி அமர்ந்து எடுத்த முடிவுகளால், கடல் கடந்த நாடுகளில் பசித்தவர்க்கு உணவு கிடைத்ததும் உண்டு. அத்தகைய குழு ஒன்றின் வரலாற்றை மாணவர்களாகிய உங்களுக்குக் கூற விரும்புகிறேன்.

இரண்டாம் உலகப் போரின்போது, 1941 ஏப்ரலில் ஜெர்மானியப் படைகள் கிரேக்க நாட்டினுள் புகுந்தன. ஜெர்மனி, இத்தாலி, பல்கேரியா ஆகிய மூன்றும் அந்நாட்டைப் பங்கிட்டுக் கொண்டன. கிரேக்கம் வெளிநாட்டுத் தானியத்தையும் நம்பி வாழ்ந்த நாடு. உள்ளே இருந்த உணவைப் பகைவர் பறித்தனர். வெளியிலிருந்து வரவேண்டிய உணவைப் பிரிட்டனின் கடல் முற்றுகை தடுத்தது. 1941-42 குளிர்காலத்தில் ஏதென்ஸ் நகரத் தெருக்களில் மக்கள் பசியால் விழுந்து மாண்டனர். நடுநிலை வகித்த துருக்கி, ‘குர்துலுஷ்’ என்னும் கப்பலில் உணவு அனுப்பியது. அக்கப்பலும் 1942 ஜனவரியில் கடலில் மூழ்கியது.

முற்றுகையைத் தளர்த்தினால் உணவு பகைவனுக்குப் பயன்படும் என்றது பிரிட்டிஷ் அரசு. தளர்த்தாவிடில் குழந்தைகள் மடிவார்களே என்றனர் மனச்சான்று உடையோர். தம் நாடு உயிருக்குப் போராடும் வேளையில் அதன் போர்க்கொள்கையைக் கேள்வி கேட்பது எளிய செயலா? கேட்பவனைத் துரோகி என்று தூற்றுதல் எந்நாட்டிற்கும் இயல்பன்றோ! எனினும் 1942 மே மாதத்தில், ஆயர் ஜார்ஜ் பெல் என்பவரின் தலைமையில் பஞ்ச நிவாரணக் குழு ஒன்று அங்கே தோன்றிற்று. அவ்வாண்டின் பிற்பகுதியில் கானடாவின் கோதுமையை ஏற்றிய சுவீடன் கப்பல்கள் கிரேக்கம் செல்ல இசைவு கிடைத்தது. ஆனால் தேவை அதனினும் பெரிதாக இருந்தது. ஆகவே பல ஊர்களில் கிளைக் குழுக்கள் எழுந்தன.

அவற்றுள் ஒன்றே ஆக்ஸ்போர்டுக் குழு. 1942 அக்டோபர் 5ஆம் நாள், பல்கலைக்கழகத்தைச் சார்ந்த புனித மரியாள் தேவாலயத்தின் பழைய நூலக அறையில் அது முதன்முதலாகக் கூடியது. அதனை வழிநடத்தியோர் யாவர்? அத்தேவாலயத்தின் குருவாகிய ரிச்சர்டு மில்போர்டு ஒருவர். அவர் முன்பு நம் நாட்டில் ஆக்ராவில் கல்லூரி ஆசிரியராக இருந்தவர். மற்றொருவர் கில்பர்ட் மர்ரே. கிரேக்க நாடகங்களை ஆங்கிலத்தில் பெயர்த்த பெரும் பேராசிரியர். சர் ஆலன் பிம், இந்திய ஆட்சிப் பணியில் நெடுங்காலம் இருந்து ஓய்வு பெற்றவர். ஹென்றி கில்லட், குவேக்கர் சமயத்தைச் சார்ந்த மருத்துவர். விரைவில் கௌரவச் செயலாளராகப் பொறுப்பேற்ற செசில் ஜாக்சன்-கோல், இளமையிலேயே பள்ளியை விட்டு வணிகத்தில் இறங்கியவர்.

இவர்களை நான் வரிசைப்படுத்தியதற்குக் காரணம் உண்டு. எல்லோரும் பேராசிரியர்களாக இருந்திருந்தால் அக்குழு அழகிய அறிக்கைகளை மட்டும் வெளியிட்டிருக்கும். எல்லோரும் வணிகர்களாக இருந்திருந்தால் எதற்காகப் பொருள் திரட்டுகிறோம் என்பதையே மறந்திருக்கக் கூடும். துன்பத்தை உணரும் நெஞ்சும், கணக்கு அறிந்த நிருவாகமும், செயலை முடிக்கும் ஊக்கமும் ஒரே மேசையில் அமர்ந்தன. முற்றுகையை மேலும் தளர்த்துமாறு அவர்கள் விடுத்த வேண்டுகோளுக்கு அரசு பெரிதும் இணங்கவில்லை. அதற்காக அவர்கள் சோர்ந்து கலையவும் இல்லை. 1943 அக்டோபரில் ‘கிரேக்க வாரம்’ ஒன்றை நடத்தி, 10,000 பவுண்டுக்கு மேல் திரட்டினார்கள்.

போர் முடிந்தபின் ஐரோப்பாவெங்கும் ஆடைப் பஞ்சம். மக்கள் அளித்த துணிகளைக் குழுவினர் அங்கே அனுப்பினர். நன்கொடையாக வந்த பிற பொருள்களையோ ஆக்ஸ்போர்டில் பிராடு தெரு 17ஆம் எண் கடையில் விற்று, அப்பணத்தை நிவாரணத்திற்குப் பயன்படுத்தினர். 1949இல் ஜோ மிட்டி என்பவர் அக்கடையை நடத்த அமர்த்தப்பட்டார். தேவைப்படும் பொருளை அனுப்புவது, மற்றதைப் பணமாக்குவது என்னும் இவ்வேறுபாடு சிறிதாகத் தோன்றலாம். அதன் அருமையை நான் அறிந்தது என் பிழையால்.

2004 டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை நம் கரையைத் தாக்கியபோது நான் தலைமையாசிரியனாக இருந்தேன். ஆசிரியர்களையும் பெற்றோரையும் கூட்டினேன். அரைமணி நேரத்தில் முடிவு செய்தோம். மூன்றே நாளில் மூட்டை மூட்டையாகப் பழந்துணி சேர்ந்தது. லாரி ஏற்றி நாகப்பட்டினம் அனுப்பினோம். சில நாள் கழித்து நானே அங்குச் சென்றேன். சாலையோரத்தில் துணிகள் குவியல் குவியலாகச் சேற்றில் கிடந்தன. அங்கு நின்ற மீனவத் தாய் ஒருவர், “ஐயா, சோறாக்க ஒரு பானைகூட இல்லை, இத்தனை துணியை வைத்துக்கொண்டு நாங்கள் என்ன செய்வது?” என்றார். என்னால் மறுமொழி கூற இயலவில்லை. அங்கே என்ன தேவை என்று எங்கள் கூட்டத்தில் ஒருவரும் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டியவன் தலைமை ஏற்றிருந்த நானே.

மீண்டும் ஆக்ஸ்போர்டுக்கு வருவோம். 1948இல் அமெரிக்காவின் மார்ஷல் திட்டம் ஐரோப்பாவை மீட்கத் தொடங்கியது. பிற ஊர்க் குழுக்கள் பலவும் தம் கடமை முடிந்ததெனக் கலைந்தன. ஆக்ஸ்போர்டுக் குழுவும் அவ்வாறே செய்திருக்கலாம். ஒருவரும் குறை கூறியிரார். ஆனால் பணி தொடர வேண்டும் என்பதில் ஜாக்சன்-கோல் உறுதியாக நின்றார். 1949இல் குழு தன் நோக்கத்தை விரித்தது. போரால் மட்டுமன்றி வேறு எக்காரணத்தாலும், உலகின் எப்பகுதியிலும் நேரும் துன்பத்தைத் துடைப்பதே தன் கடமை என அது வகுத்துக்கொண்டது. இரண்டே ஆண்டுகளில், 1951இல், நம் பீகாரில் பஞ்சம் வந்தபோது அக்குழு உதவிக்கரம் நீட்டிற்று. கிரேக்கத்திற்காகப் பிறந்த குழு கங்கைக்கரை மக்களையும் நினைத்ததற்கு அந்த முடிவே காரணம். அவ்வாண்டில் லெஸ்லி கிர்க்லி அதன் செயலாளரானார். 1974 வரை தலைமைப் பணியில் இருந்தார். குழுவின் தந்தி முகவரியாக இருந்த ‘ஆக்ஸ்பாம்’ என்னும் சுருக்கமே 1965இல் அதன் பெயராயிற்று.

வளர்ச்சியைச் சொல்லித் தளர்ச்சியை மறைத்தல் வரலாறு ஆகாது. ஹைத்தி நாட்டில் 2010இல் நேர்ந்த நிலநடுக்கத்திற்குப்பின் அங்குப் பணியாற்றிய அந்நிறுவனத்தின் ஊழியர் சிலர் ஒழுக்கம் தவறினர். 2011இல் உள்விசாரணை நடந்தும், முழு உண்மை பொதுமக்களுக்கு எட்டவில்லை. 2018 பிப்ரவரியில் அது நாளேட்டில் வெளிப்பட்டது; 2019 ஜூனில் பிரிட்டனின் அறநிலைய ஆணையம் அந்நிறுவனத்தைக் கண்டித்து எச்சரித்தது. ஒரு சிறு அறையில் கூடியோர்க்கு ஒருவரையொருவர் தெரியும். பல நாடுகளில் பல்லாயிரவர் பணிபுரியும்போது கேள்வி கேட்கும் பொறுப்பு பன்மடங்காகிறது. நற்பெயரைக் காப்பதற்காகக் கேள்வியை அடக்கினால் நற்பெயரும் நில்லாது.

மாணவர்களே! அறநிறுவனத்தை வழிநடத்துவோர் மூட்டை சுமப்பவரல்லர். கஞ்சி ஊற்றுபவரும் அல்லர். யாருக்கு, எது, எவ்வளவு, போய்ச் சேர்ந்ததா என்று வினவுவதே அவர்கள் கடமை. நாளை நீங்களும் ஏதேனும் ஒரு குழுவில் அமர்வீர்கள். அன்று விரைந்து கைதூக்குமுன் அவ்வினாக்களை எழுப்புங்கள். திருவள்ளுவர் ஈகை என்னும் அதிகாரத்திற்கு முன்பாக ஒப்புரவறிதலை வைத்தார். வகுப்பறையில் அவ்வதிகாரத்தைப் பலமுறை நடத்தியிருக்கிறேன். அதன் பெயரிலேயே ‘அறிதல்’ இருப்பதை நாகப்பட்டினத்துச் சாலையோரத்தில்தான் கண்டுகொண்டேன்.