தவணை இல்லாத காவல்: மண்டபம் முதல் கேப்பாப்பிலவு வரை

கித்துல்கலயில் களனி கங்கைக் கரைக்கு இறங்குபவர்களுக்கு இன்றும் காட்டப்படுவது, 'குவாய் ஆற்றுப் பாலம்' படத்துக்காக எழுப்பிய பாலத்தின் அத்திவாரம்தான். 1957இல் வெளியான அப்படத்தில், பிடிபட்ட அதிகாரிகளை உடலுழைப்புக்கு அனுப்பக் கூடாது என்று ஜெனீவா உடன்படிக்கையைக் காட்டி ஓர் ஆங்கிலேயக் கர்னல் அடம்பிடித்து நிற்பார். படப்பிடிப்பு நடந்த காலத்தில் அந்த ஆற்றுக்கு மேலே, தோட்டத் தொழிலாளரின் வரிசைவீடுகளான லயங்களில் இருந்த இந்திய வம்சாவளியினரில் பெரும்பாலோருக்கு எந்த நாட்டுக் குடியுரிமையும் இல்லை. அவர்களைப் பிடித்து அடைத்தால் எடுத்துக்காட்ட ஓர் உடன்படிக்கையும் இல்லை. 1951இன் அகதிகள் உடன்படிக்கையிலும் 1954இன் நாடற்றோர் உடன்படிக்கையிலும் இலங்கையும் சேரவில்லை, இந்தியாவும் சேரவில்லை. இன்றுவரை நிலை அதுவே.

குடிவரவுத் தடுப்புக்காவல் மனிதத்தன்மையோடு நடக்கிறதா என்று கேட்டால், சோறு, கூரை, கழிவறை, மருந்து என்ற கணக்கையே பொதுவாக எடுக்கிறோம். அந்தக் கணக்கு தேவையானதுதான். ஆனால் கித்துல்கலயை உள்ளடக்கிய சப்ரகமுவத் தோட்டங்களுக்கு வந்த மக்களும், அங்கிருந்து துரத்தப்பட்ட அவர்களுடைய பிள்ளைகளும் கடந்த முகாம்களைக் கால வரிசையில் வைத்துப் பார்த்தால் அது போதவில்லை. சோறு ஓரளவு கூடிக்கொண்டே வந்தது. விடுதலைத் தவணையின் உறுதி குறைந்து, கடைசியில் தவணையே இல்லாமல் போனது.

1914இல் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே கப்பல் ஓடத் தொடங்கிய சில ஆண்டுகளில் மண்டபம் முகாம் இயங்க ஆரம்பித்தது. இந்திய மண்ணில் இருந்தாலும் அது இலங்கை அரசின் முகாம். கங்காணி கூட்டிவந்த ஆட்களை அங்கே ஐந்தாறு நாள் அடைத்துவைத்தார்கள். வாந்திபேதியும் பிளேக்கும் கடல் கடக்கக் கூடாது என்பது காரணம். உடுதுணியை வாங்கி ஆவியில் அவித்தார்கள், குளிக்கவைத்தார்கள், அம்மை குத்தினார்கள், சோறு போட்டார்கள். கழுத்தில் ஒரு தகர டிக்கெட் தொங்கும். அதில் பொறித்திருந்த எண்ணைப் பார்த்தே ரயில்காரர்கள் ஆளை எந்த மாவட்டத்தில் எந்தத் தோட்டத்துக்கு அனுப்புவது என்று தெரிந்துகொண்டார்கள்; வழிச்செலவும் அந்த எண்ணின்படி தோட்டத்துக் கணக்கில் ஏறியது. கித்துல்கல, தெரணியகல பக்கத்துத் தோட்டங்களுக்கு வந்தவர்களுக்கு, யட்டியாந்தோட்டை வரை அக்காலத்தில் ஓடிய களனிவெளிக் கோச்சி இருந்தது. அதற்கு மேல் நடைதான்.

மனிதரைச் சரக்காக நடத்திய ஏற்பாடு இது என்பதில் மறுபேச்சு இல்லை. ஆனாலும் நாள் முடிந்தால் கதவு திறக்கும் என்பது உள்ளே இருந்தவருக்குத் தெரியும். அந்த ஒரு விஷயத்தில் பின்னால் வந்த முகாம்கள் எவையும் மண்டபத்துக்கு இணையில்லை என்பதைத் தயக்கத்தோடுதான் எழுதவேண்டியிருக்கிறது.

1948 நிலைமையைத் தலைகீழாகத் திருப்பியது. அவ்வாண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் தோட்ட மக்களை வெளியே நிறுத்தியது; 20ஆம் இலக்கக் குடிவருவோர் குடியகல்வோர் சட்டம், வெளியே நின்றவரைப் பிடித்து அடைத்து நாடுகடத்தும் அதிகாரத்தைக் கொடுத்தது. இவ்விரண்டையும் ஆய்வாளர்கள் பெரும்பாலும் தனித்தனியாகவே பேசுகிறார்கள். சேர்த்துப் படிக்காவிட்டால் ஒன்றின் கூர்மை விளங்காது. 1949இன் இந்திய, பாகிஸ்தானிய வதிவோர் சட்டத்தின் கீழ் 8 லட்சத்துக்கு மேற்பட்டவர்களுக்காக விண்ணப்பம் போடப்பட்டது. பிரஜாவுரிமை கிடைத்தது சுமார் 1,34,000 பேருக்கு. மற்றவர்களில் யார் இங்கே பிறந்தவர், யார் நேற்றிரவு வள்ளத்தில் வந்தவர் என்பதைக் காட்டவேண்டிய பாரம் பிடிபட்டவரின் தலையில் விழுந்தது. பிறப்புப் பதிவு ஒழுங்காக நடக்காத லயத்தில் பிறந்தவர் எதைக் காட்டுவார்? 'கள்ளத்தோணி' என்ற பட்டத்தோடு கொழும்பு கொம்பனித்தெருத் தடுப்பு முகாமுக்குப் போனவர்களின் காவல் நாட்களை எண்ணுவதற்கு முடிவுப்புள்ளி இருக்கவில்லை. இந்தியா ஏற்றுக்கொள்ளும்வரை என்பதே தவணை. இந்தியா ஏன் ஏற்கவேண்டும் என்பது வேறு கேள்வி.

1964 அக்டோபரில் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் பங்கிட்டது. எஞ்சிய 1,50,000 பேரை 1974இல் இந்திரா காந்தியும் சிறிமாவோவும் பாதிபாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். இந்தியக் கடவுச்சீட்டு வாங்கியவர்கள் தலைமன்னார் வழியே திரும்பிப் போய் இறங்கியதும் மண்டபத்தில்தான். பாட்டனைச் சோதித்து அனுப்பிய அதே முகாம் பேரனைத் 'தாயகம் திரும்பியோர்' என்று பதிந்தது. திருச்சி கொட்டப்பட்டில் இன்னொரு முகாம் இருந்தது.

கடவுச்சீட்டு வராமல் காத்திருந்தவர்களின் கதி வேறு. சப்ரகமுவத் தோட்டங்கள் நுவரெலியாவைப் போலத் தொடர்ச்சியாக இல்லை. சிங்களக் கிராமங்களுக்கு நடுவே திட்டுத்திட்டாகக் கிடப்பவை. 1977இலும், 1981 ஆகஸ்டில் இரத்தினபுரி, காவத்தை, இறக்குவானைப் பகுதிகளிலும், மறுபடி 1983 ஜூலையிலும் அடி விழுந்தபோது ஓடி ஒளியப் பக்கத்துத் தோட்டம்கூடத் தூரம். வவுனியாவுக்குப் போனவர்கள் போக, பலர் பிற்பாடு இந்தியாவுக்கு வள்ளம் ஏறினார்கள். 1984இல் கப்பல் நின்றபின் வேறு வழியும் இல்லை. ஒப்பந்தப்படி இந்தியாவுக்கு உரியவர் என்று எழுதப்பட்ட ஒருவர், கப்பலில் போயிருந்தால் குடிமகன். வள்ளத்தில் போனதால் அகதி. கடவுச்சீட்டு இல்லாமல் நுழைந்தவரைச் 'சட்டவிரோதக் குடியேறி' ஆக்கிய 2003ஆம் ஆண்டின் இந்தியத் திருத்தச் சட்டத்துக்குப் பிறகு, பதிவு செய்து குடியுரிமை பெறும் வழியும் அடைபட்டது.

வள்ளத்தில் போனவர்கள் தங்கிய தமிழ்நாட்டின் சாதாரண அகதி முகாம்களைச் சிறை என்று சொல்வது மிகை. வேலைக்குப் போகலாம், பிள்ளைகள் கல்லூரிவரை படித்தார்கள், பணக்கொடையும் அரிசியும் உண்டு. ஆனால் செக்கிங் நாள் ஒன்று உண்டு. வெளியூரில் பெயின்ட் அடித்துக்கொண்டிருப்பவரும் அன்று முகாமுக்கு வந்து வருவாய் ஆய்வாளரின் முன் பெயருக்குத் தலை காட்டவேண்டும். தவறினால் பணம் நிற்கும். தோட்டத்தில் விடியற்காலை ஆள்கணக்கெடுக்கும் பெரட்டில் நின்ற அம்மாயியின் பெயரைச் செக்ரோலில் பார்த்துக் கூப்பிட்ட மாதிரியேதான்.

கடுமையான காவல் சிறப்பு முகாம்களில் நடந்தது. 1946ஆம் ஆண்டு வெளிநாட்டார் சட்டத்தின் 3(2)(e) பிரிவு, அச்சட்டம் 2025இல் நீக்கப்படும்வரை, வெளிநாட்டவர் இன்ன இடத்தில்தான் தங்கவேண்டும் என்று பணிக்க அரசுக்கு இடம் கொடுத்தது. வேலூர்க் கோட்டை திப்பு மகால், செங்கல்பட்டு, பூந்தமல்லி, திருச்சி என்று அந்த ஒற்றை வரியிலிருந்து பூட்டிய முகாம்கள் முளைத்தன. பிணை கிடைத்தவரும் தண்டனை முடிந்தவரும் சிறை வாசலிலிருந்து நேரே அங்கே போனார்கள். 'இது சிறையல்ல, முகாம்' என்பதே அரசின் வாதம். 2003இல் பிரேமாவதி வழக்கில் சென்னை உயர்நீதிமன்றம் அதை ஏற்றது. சிறை என்றால் விடுதலைத் தேதி இருக்கும். உள்ளே நடந்த உண்ணாவிரதங்கள் பலவற்றின் கோரிக்கை சாப்பாட்டைப் பற்றியதல்ல, எப்போது விடுவீர்கள் என்பதே.

2019 ஜூனில் மதுரைக் கிளை நீதிபதி ஜி.ஆர். சுவாமிநாதன், கொட்டப்பட்டு, மண்டபம் முகாம்களைச் சேர்ந்த இந்திய வம்சாவளியினரின் உலகநாதன் வழக்கில் வேறு திசையில் போனார். இத்தனை காலம் கண்காணிப்பிலும் நாடற்ற நிலையிலும் வைத்திருப்பது அரசியலமைப்பின் 21ஆம் உறுப்பு தரும் உயிர்வாழும் உரிமையைப் புண்படுத்துகிறது என்றார். கால நீட்சியையே ஒரு தீங்காக எண்ணிய தீர்ப்பு என்பதால் இவ்வரலாற்றில் அதற்குத் தனி இடம் உண்டு. அந்த ஆண்டு டிசம்பரில் வந்த குடியுரிமைத் திருத்தச் சட்டத்தில் இலங்கை சேர்க்கப்படவில்லை.

இலங்கைக்குள் இப்போது அடைபடுபவர்கள் வேறு ஆட்கள். சட்டம் அதே 1948. அகதிச் சட்டம் இல்லாததால், ஐ.நா. அகதிகள் ஆணையத்தின் அட்டையோடு இருப்பவரும் வீசா முடிந்தவராகவே எண்ணப்படுகிறார். 2014இல் பாகிஸ்தானிய, ஆப்கானியத் தஞ்சம் கோரிகள் பிடிபட்டு நாடுகடத்தப்பட்டார்கள். 2017 ஏப்ரலில் வடகடலில் மீட்கப்பட்ட 31 ரோஹிங்கியர்கள் மிரிஹான தடுப்பு நிலையத்திலிருந்து கல்கிசை வீடொன்றுக்கு மாற்றப்பட்டு, செப்டெம்பரில் அங்கே கூட்டமொன்று முற்றுகையிட்டதும் பூசா தடுப்பு முகாமுக்குக் கொண்டுபோகப்பட்டார்கள்.

வெளியே காற்று மாறத் தொடங்கியிருக்கிறது. 2023 நவம்பரில் ஆஸ்திரேலிய உயர் நீதிமன்றம், அனுப்ப இடமில்லாதவரை முடிவின்றி அடைத்துவைக்க முடியாது என்று தனது 2004ஆம் ஆண்டுத் தீர்ப்பைத் தானே கவிழ்த்தது. வழக்காடியவர் ஒரு ரோஹிங்கியர். தமிழருக்கு இன்னும் நெருங்கியது தியேகோ கார்சியா வழக்கு. 2021 அக்டோபரில் வள்ளம் பழுதாகி அந்தப் பிரித்தானியத் தீவில் கரையேறிய தமிழர்கள் மூன்று ஆண்டுகள் எலி ஓடும் கூடாரங்களில் வேலிக்குள் இருந்தார்கள். 2024 செப்டெம்பரில் நீதிமன்றமே தீவுக்குப் போய் முகாமை நேரில் பார்த்தது. டிசம்பர் 16ஆம் தேதி, அவர்கள் சட்டவிரோதமாகத் தடுத்துவைக்கப்பட்டிருந்தார்கள் என்று தீர்ப்பு வந்தது.

மூன்று நாள் கழித்து, முல்லைத்தீவுக் கரையில் நூற்றுக்கு மேற்பட்ட ரோஹிங்கியர்களோடு ஒரு படகு ஒதுங்கியது. பாதிக்கு மேல் பெண்களும் குழந்தைகளும். முதலில் திருகோணமலைக்கும் பின்னர் கேப்பாப்பிலவு விமானப்படை முகாமுக்கும் அவர்களைக் கொண்டுபோனார்கள். மக்கள் பாணும் உடுப்பும் கொண்டு வந்தார்கள். 1996ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டப்படி எந்தத் தடுப்பிடத்துக்குள்ளும் போய்ப் பார்க்கும் அதிகாரமுள்ள இலங்கை மனித உரிமைகள் ஆணைக்குழுவின் அலுவலர்கள் அந்த மாதக் கடைசியில் அங்கே போனபோது, முதலில் உள்ளே விடவில்லை.