எட்டு விநாடிப் பக்கம்

பேரன் ஒரு மளிகைக் கடைக்கு இணையதளம் அமைத்துக் கொடுக்கிறான். எந்த நிறம், எந்தப் படம் என்றுதான் முதலில் யோசித்தான். "தேடி வருகிறவருக்கு முதலில் என்னடா வேண்டும்?" என்று கேட்டேன். "அதை இன்னும் கேட்கவில்லை தாத்தா" என்றான். பிரெஞ்சு வழியில் படித்தவனுக்கு உடனே மினித்தெல் ஞாபகம் வந்தது.

பிரான்சில் 1982-இல் நாடெங்கும் அறிமுகமானது மினித்தெல். தொலைபேசிக் கம்பியில் இணைத்த சிறு திரை. வீடுகளுக்கு இலவசமாகவே கொடுத்தார்கள். தொலைபேசி எண் தேடலாம், ரயிலுக்கு முன்பதிவு செய்யலாம். திரையில் 24 வரி, வரிக்கு 40 எழுத்து. விநாடிக்குச் சுமார் 120 எழுத்துகள்தான் வந்து சேரும். முழுப் பக்கம் நிரம்ப 8 விநாடி!

அதனால் முதலில் 'அர்போரெஸான்ஸ்' வரைவார்கள். மரம் கிளை விடுவதுபோல, எந்தப் பக்கத்திலிருந்து எங்கே போவது, 'ரெத்தூர்' (திரும்பு) விசையை அழுத்தினால் எங்கே வருவது என்ற வரைபடம். அலங்காரமெல்லாம் அதற்குப் பிறகுதான்.

இதில் ஒரு தர்மசங்கடமும் உண்டு. பல சேவைகளுக்கு நிமிடக் கணக்கில் கட்டணம். அதில் ஒரு பங்கு சேவை நடத்துபவருக்கு. பார்ப்பவர் வழி தெரியாமல் சுற்றினால் அவருக்கு லாபம். வடிவமைப்பவர் கூலி கொடுப்பவர் பக்கம் நிற்பதா, காத்திருப்பவர் பக்கம் நிற்பதா?

2012 ஜூன் 30-இல் மினித்தெல் நிறுத்தப்பட்டது. அந்தக் கேள்வி இன்றைக்கும் இருக்கிறது.

பேரன் வெள்ளைத் தாள் ஒன்றை எடுத்தான். முதல் வரியில் கடை திறக்கும் நேரம் எழுதினான்.