கரடிக்குப் பந்தி வைத்த காலம்



இரு நண்பர்களும் கரடியும் என்னும் கதையைக் கற்பிக்காத தமிழாசிரியர் நம்மில் இருக்க மாட்டார். ஒருவன் மரத்தில் ஏறிக்கொள்வான். மற்றவன் மூச்சடக்கிப் பிணம்போல் கிடப்பான். கரடி முகர்ந்து பார்த்துவிட்டுப் போய்விடும். சில ஆண்டுகளுக்கு முன் மூன்றாம் ஆண்டு வகுப்பில் இக்கதையைச் சொல்லி முடித்தபொழுது ஒரு மாணவன் எழுந்து, "ஐயா, கரடிக்கு மரம் ஏறத் தெரியாதா?" என்று வினவினான். நன்றாகவே தெரியும். நம் நாட்டுச் சூரியக் கரடியே மரமேறுவதில் கைதேர்ந்தது. அன்று எதையோ சொல்லிச் சமாளித்துவிட்டேன். பிறகு மனம் பொறுக்காமல் படிக்கத் தொடங்கியபொழுதுதான் அமெரிக்கக் கருங்கரடியின் வரலாறு கண்ணில் பட்டது.

மக்கள் வாழும் இடத்திற்குள் கரடி புகுந்தது என்ற செய்தியைக் கேட்டால், காடு அழிந்ததால் வந்திருக்கும் என்றே நாம் எண்ணுவோம். அதுவும் ஒரு காரணமே. ஆனால் யெல்லோஸ்டோனில் நடந்தது வேறு. அங்கே காடு இருந்தது; கரடியை மனிதர்களே பந்திக்கு அழைத்தார்கள்.

1872-இல் உலகின் முதல் தேசியப் பூங்காவாக யெல்லோஸ்டோன் அறிவிக்கப்பட்டது. சுற்றுப்பயணிகளுக்காக விடுதிகள் எழுந்தன. சமையற்கட்டுக் கழிவுகளைச் சற்றுத் தொலைவில் கொட்டினார்கள். கரடிகள் திரண்டன, கரடிகளைக் காண மக்களும் திரண்டனர். நாளடைவில் அக்குப்பைமேடுகளுக்கு எதிரே படிவரிசையாக இருக்கைகள் அமைக்கப்பட்டு, மாலைதோறும் கரடிக் காட்சி நடந்தது! 1915-இல் பூங்காவுக்குள் மோட்டார் வண்டிகள் அனுமதிக்கப்பட்டபின் கருங்கரடிகள் சாலையோரத்திற்கே வந்து, பின்னங்கால்களில் எழுந்து நின்று கையேந்தின. பெற்றோர் பிள்ளைகளின் கையில் ரொட்டியைக் கொடுத்து ஊட்டச் சொல்லிப் படம் எடுத்தனர். உணவூட்டலைத் தடுக்கும் விதி 1902-லேயே வந்துவிட்டது. ஆயினும் விதி ஏட்டில் இருந்தது. ரொட்டி கையில் இருந்தது.

1931 முதல் 1969 வரை அப்பூங்காவில் ஆண்டொன்றுக்குச் சராசரியாக 48 பேர் கரடிகளால் காயமுற்றனர். பெரும்பாலும் கருங்கரடிகளால்தான். ஆண்டுக்கு நூற்றுக்கும் மேற்பட்ட பொருட்சேதங்களும் பதிவாயின. அதற்கான தண்டனையைக் கரடிகளே அனுபவித்தன. தொல்லை தருபவை எனக் கருதப்பட்டவை சுடப்பட்டன. ஊட்டியவர்கள் படத்தோடு வீடு திரும்பினர். இப்பகுதியைப் படித்தபொழுது எனக்கு உண்மையிலேயே சினம் வந்தது.

1970-ஐ ஒட்டிய ஆண்டுகளில் குப்பைமேடுகள் மூடப்பட்டன. கரடியால் திறக்க இயலாத தொட்டிகள் வைக்கப்பட்டன. உணவூட்டல் தடை மெய்யாகவே நடைமுறைக்கு வந்தது. மேடுகளைத் திடுமென மூடினால் பழகிப்போன கிரிஸ்லி கரடிகள் மக்கள் கூடாரமிடும் இடங்களுக்கு வந்து மடியும் என்று, அவற்றை ஆய்ந்த கிரெய்க்ஹெட் சகோதரர்கள் எச்சரித்தனர். அவ்வாறே பல கிரிஸ்லிகள் மாண்டன. மனிதர் காயமுறுவதோ 1960-களில் ஆண்டுக்கு ஏறத்தாழ 45 என்றிருந்தது, 1970-களில் 4 எனக் குறைந்தது.

கலிபோர்னியாவின் யோசெமிட்டி பூங்கா இப்பாடத்தைப் பிந்திக் கற்றது. 1998-இல் மட்டும் அங்கே ஏறத்தாழ 1,600 கரடிச் சம்பவங்கள். காருக்குள் விட்டுச்சென்ற தின்பண்டத்திற்காகக் கருங்கரடிகள் கதவையே வளைத்துப் பிளந்தன. பின்னர் இரும்பு உணவுப் பெட்டிகள் பெருகின. சம்பவங்கள் மிகப் பெரிதும் குறைந்தன.

இனி அம்மாணவனின் வினாவுக்கு வருகிறேன். கருங்கரடியைக் கண்டால் மரத்தில் ஏறுவது வீண். அது நம்மினும் விரைவாக ஏறும். ஓடுவதும் கூடாது, ஓட்டத்திலும் அதை வெல்ல இயலாது. பிள்ளைகளை அருகில் சேர்த்துக்கொண்டு, கைகளை உயர்த்தி உருவத்தைப் பெரிதாகக் காட்டி, உரத்த குரலில் பேசியவாறே மெல்லப் பின்வாங்க வேண்டும். கரடி விலகிச் செல்ல வழி விடுவது முக்கியம். குட்டி தென்பட்டால் தாய் அருகில் இருக்கிறது என்றே கொள்க. மீறித் தாக்கினால் பிணம்போல் கிடக்கலாகாது. கையில் கிடைத்ததைக் கொண்டு அதன் முகத்தில் அடித்துப் போராட வேண்டும். கதையில் வரும் நண்பனின் உபாயம், திடுக்கிட்டுத் தாக்கும் கிரிஸ்லியிடம் ஓரளவு பொருந்தும். அப்போதும் குப்புறப் படுத்துக் கழுத்தைக் கைகளால் காக்க வேண்டும். நிறத்தை மட்டும் வைத்து இனம் பிரிக்க முற்படாதீர்கள். கருங்கரடிகளிலும் பழுப்பு நிறத்தவை உண்டு. கிரிஸ்லிக்குத் தோளில் திமில்போல் ஒரு புடைப்பு இருக்கும்.

அமெரிக்காவுக்குச் செல்லும் வாய்ப்பு நம் மாணவருள் சிலருக்கே அமையும். ஆனால் பினாங்குத் தாவரவியல் பூங்காவின் குரங்குகளை எல்லாருக்கும் தெரியும். சென்ற பள்ளி விடுமுறையில் அங்கே ஒரு தந்தையார் தம் சிறுமகளின் கையில் ஒரு வாழைப்பழத்தைக் கொடுத்து, கைப்பேசியில் படம் எடுக்க ஆயத்தமானார். அருகில் சென்று யெல்லோஸ்டோன் கதையைச் சுருக்கமாகச் சொன்னேன். சற்றே முகம் சுளித்தார். பழத்தை அக்குழந்தையே உரித்துத் தின்றது.

இரு நண்பர்கள் கதையை இன்றும் கற்பிக்கிறேன், நட்பைச் சொல்லும் கதையாயிற்றே! முடித்தவுடன், "கரடிக்கு மரம் ஏறத் தெரியாதா?" என்ற வினாவை இப்பொழுது நானே கேட்டுவிடுகிறேன்.