பெற்றோர் இட்ட பெயர்

திரைப்பட நடிகை ஒருவரின் வரலாற்றை இவ்விதழில் எழுதுவானேன் என்று அன்பர்கள் சிலர் வினவக்கூடும். வினா நியாயமானதே. திரையுலகின் பகட்டு நமக்குப் பொருட்டன்று. ஆனால், தமிழ் மண்ணில் பிறந்த முஸ்லிம் பெண் ஒருவர், தந்தையை இழந்து குடும்பச் சுமை தோளில் அழுத்திய இளவயதில், தம் பெயரை மாற்ற மாட்டேன் என்று உறுதியாக நின்றார். அந்த ஒரு நிகழ்ச்சிக்காகவே வஹீதா ரஹ்மானின் வாழ்வை நாம் அறிந்துகொள்வது தகும்.

வஹீதா 1938 பிப்ரவரி 3 அன்று செங்கல்பட்டில் பிறந்தார். தக்னி உருது பேசும் குடும்பம். தந்தையார் முஹம்மது அப்துர் ரஹ்மான் அரசு அதிகாரி. நான்கு பெண்மக்களுள் இளையவர் வஹீதா. தமக்கை சயீதாவுடன் சேர்ந்து அவர் பரதநாட்டியம் பயின்றார். அக்காலத்தில் முஸ்லிம் குடும்பத்துப் பெண்கள் பரதம் கற்பது எளிதில் ஏற்கப்படும் செயலன்று. எனினும் தந்தையார் மக்களின் கலையார்வத்துக்குத் தடை போடவில்லை. மருத்துவராக வேண்டும் என்பதே சிறுமி வஹீதாவின் கனவு. 1951இல் தந்தையார் காலமானதும் அக்கனவு கலைந்தது. குடும்பம் வருவாயின்றித் திகைத்தபோது, கற்ற நடனம் கைகொடுத்தது.

1955இல் தாபி சாணக்யா இயக்கிய ‘ரோஜுலு மாராயி’ என்னும் தெலுங்குப் படத்தில் அவர் ஆடிய நடனம் ஆந்திர நாட்டையே கவர்ந்தது. அடுத்த ஆண்டு தமிழில் ‘காலம் மாறிப் போச்சு’ படத்திலும், தமிழின் முதல் முழுநீள வண்ணப்படமான ‘அலிபாபாவும் 40 திருடர்களும்’ படத்திலும் அவருடைய நடனங்கள் இடம்பெற்றன. தெலுங்குப் படத்தின் வெற்றிக் காலத்தில் ஹைதராபாத் வந்திருந்த பம்பாய் இயக்குநர் குரு தத், இப்பெண்ணைப் பற்றிக் கேள்விப்பட்டார். உருது நன்கு பேசுவார் என்றும் அறிந்தார். சில மாதங்களில் பம்பாயிலிருந்து அழைப்பு வந்தது.

குரு தத் தயாரிக்க, ராஜ் கோஸ்லா இயக்கவிருந்த ‘சி.ஐ.டி.’ படத்துக்கான ஒப்பந்தப் பேச்சு தொடங்கியது. வஹீதா ரஹ்மான் என்ற பெயர் நீளமாக இருக்கிறது, அதில் கவர்ச்சியில்லை, வேறு பெயர் வைத்துக்கொள்ள வேண்டும் என்றார் கோஸ்லா. இது என் பெற்றோர் இட்ட பெயர், மாற்ற மாட்டேன் என்பதே அந்த இளம்பெண்ணின் விடை. பெரிய நடிகர்களெல்லாம் பெயர் மாற்றிக்கொண்டதை எடுத்துக்காட்டியும் அவர் அசையவில்லை. சில நாட்கள் கழித்து இணங்கியவர்கள் பட நிறுவனத்தாரே! அத்துடனும் அவர் நிற்கவில்லை. தமக்கு விருப்பமில்லாத உடையை அணிய இயலாது என்பதையும் ஒப்பந்தத்தில் எழுதச் செய்தார். அவருக்கு அப்போது பதினெட்டு வயது நிறையாததால் தாயாரே கையொப்பமிட்டார்.

இம்மறுப்பின் அருமையை உணர, அன்றைய பம்பாய்த் திரையுலகின் வழக்கத்தை எண்ணிப் பார்க்க வேண்டும். யூசுப் கான் திலீப் குமார் ஆனார். மஹ்ஜபீன் மீனா குமாரி ஆனார். மும்தாஜ் ஜஹான் மதுபாலா ஆனார். சுரையா போன்று சொந்தப் பெயரிலேயே புகழ் பெற்றவர்களும் இருந்தார்கள். ஆகவே மதத்தை மறைக்கவே எல்லோரும் பெயர் மாற்றினர் என்று முடிவு கட்டுவது பிழையாகும். செவிக்கு இனிமை, விளம்பரத்துக்குச் சுருக்கம் எனக் காரணங்கள் பல. ஆயினும், வாய்ப்புத் தருபவர் கேட்பார், வாய்ப்புத் தேடுபவர் இணங்குவார் என்பதே பொது நடைமுறை. அந்நடைமுறையைத்தான் செங்கல்பட்டுப் பெண் மாற்றிக் காட்டினார்.

பெயரை மாற்றாததால் புகழ் குன்றியதா? இல்லை. ‘சி.ஐ.டி.’ 1956இல் வெளிவந்தது. ‘பியாசா’ (1957), ‘காகஸ் கே பூல்’ (1959), ‘சௌத்வீன் கா சாந்த்’ (1960), ‘சாஹிப் பீபி அவுர் குலாம்’ (1962) எனச் சிறந்த படங்கள் தொடர்ந்தன. வங்காளத்தின் சத்யஜித் ராய் 1962இல் தம் ‘அபிஜான்’ படத்தில் அவரை நடிக்க வைத்தார். ஆர்.கே. நாராயணின் நாவலைத் தழுவிய ‘கைடு’ (1965) படத்தில், இளமையில் கற்ற நடனம் முழுமையாக ஒளிவிட்டது. ‘ரேஷ்மா அவுர் ஷேரா’ (1971) தேசிய விருதைப் பெற்றுத் தந்தது. 1972இல் பத்மஸ்ரீ, 2011இல் பத்மபூஷண், 2023இல் தாதாசாகேப் பால்கே விருது என்று நாடு அவரைப் போற்றியது. ஒவ்வொரு முறையும் அழைக்கப்பட்டது பெற்றோர் இட்ட அதே பெயர்தான்.

1974இல் நடிகர் கமல்ஜீத்தை மணந்தார். அவரோ சசி ரேகி என்ற இயற்பெயரைத் திரைக்காக மாற்றிக்கொண்டவர்! வஹீதாவின் பெயர் மணத்துக்குப் பின்னும் மாறவில்லை. 2018இல் ‘விஸ்வரூபம் 2’ படத்தில் தாயாக அவர் தமிழ்த் திரைக்குத் திரும்பியபோதும் அப்பெயருடனேயே வந்தார்.

இன்று நம் பிள்ளைகள் பிழைப்புக்காக வெளியூர் செல்கையில், பிறர் வாய்க்கு எளிதாகட்டும் என்று பெயரைச் சுருக்கியும் திரித்தும் கொள்வதைக் காண்கிறோம். அவர்களைக் குறை கூற நாம் முற்படவில்லை. வயிற்றுப்பாட்டின் நெருக்கடியை நாமும் அறிவோம். ஆனால் அதே நெருக்கடியில் நின்றுதான் வஹீதா மறுத்தார். ‘ஒப்பற்றவள்’ என்னும் பொருளுடைய பெயரும், அதனைத் தொடரும் தந்தையின் பெயருமே அவருக்கு மிஞ்சிய குடும்பச் சொத்து. அதனை விலை பேச அவர் மனம் ஒப்பவில்லை. பெயரை விடாமலும் பிழைக்கலாம் என்பதற்கு அவர் வாழ்வே சான்று.