படியெடுத்தலின் வரலாறும் கைப்பேசியும்: பிரித்தானிய நூலகத்தை முன்வைத்து

முன்னுரை

ஆராய்ச்சி நூலகங்களின் வரலாறு பெரும்பாலும் சேகரிப்பின் வரலாறாகவே எழுதப்பட்டுள்ளது. சேகரிக்கப்பட்டவற்றை ஆய்வாளர்கள் எவ்வாறு படியெடுத்துச் சென்றனர் என்பதும் அவ்வரலாற்றின் ஒரு பகுதியே ஆகும். எதைப் படியெடுப்பது என்பதை முடிவு செய்தவர் யார் என்னும் வினாவை மையமாகக் கொண்டு, நுண்படச்சுருளிலிருந்து கைப்பேசிக்கு நேர்ந்த மாற்றத்தை இலண்டன் பிரித்தானிய நூலகத்தின்வழி இக்கட்டுரை ஆராய்கிறது.

தமிழாய்வும் இலண்டன் சேகரிப்பும்

பிரித்தானிய அருங்காட்சியக நூலகத்தின் தமிழ் நூல்களுக்கு எல். டி. பார்னெட், ஜி. யு. போப் ஆகியோர் தொகுத்த பட்டியல் 1909இல் வெளிவந்தது. அதன் துணைப்பட்டியல் 1931இல் வெளியாயிற்று. அந்நூலகம் 1973இல் பிரித்தானிய நூலகத்தின் அங்கமாயிற்று. 1982இல் இந்தியா அலுவலக நூலகமும் ஆவணங்களும் அதனுடன் இணைந்தன. இதனால் 19ஆம் நூற்றாண்டுத் தமிழ் அச்சு வரலாற்றை ஆராய்வோர்க்கு இலண்டன் இன்றியமையாத களமாயிற்று. பட்டியல்கள் நூலின் இருப்பை அறிவித்தன. அதன் பக்கங்களைப் பெறுதல் வேறொரு சிக்கலாக நீடித்தது.

நுண்படச்சுருள்: நிறுவனத்தின் தேர்வு

யூஜீன் பவர் 1938இல் அமெரிக்காவின் ஆன் ஆர்பரில் யுனிவர்சிட்டி மைக்ரோஃபிலிம்ஸ் நிறுவனத்தைத் தொடங்கினார். பிரித்தானிய அருங்காட்சியகத்தின் பழைய ஆங்கில நூல்கள் அவர் முயற்சியால் சுருள்வழி அமெரிக்க நூலகங்களை அடைந்தன. தமிழ்ச் சூழலில், கோட்டையூர் ரோஜா முத்தையாவின் சேகரிப்பைக் கொண்டு 1994இல் சிகாகோ பல்கலைக்கழகத்தின் துணையுடன் உருவான ஆராய்ச்சி நூலகமும் நுண்படமாக்கலைப் பாதுகாப்பு வழியாகக் கைக்கொண்டது.

கருவி, பயிற்சி பெற்ற பணியாளர், நிதி ஆகியவை தேவைப்பட்டமையால் எதைப் படமாக்குவது என்பதை நிறுவனமே முடிவு செய்தது. தனி ஆய்வாளர் விண்ணப்பித்து, கட்டணம் செலுத்திக் காத்திருந்தார். கட்டணம் தேர்வைச் சுருக்கியது. முதன்மையானது என முன்னரே அறியப்பட்ட பக்கமே படியாயிற்று. நூலின் இறுதியிலுள்ள விளம்பரம், விலைக்குறிப்பு போன்றவை எளிதில் விடுபட்டன.

கைப்பேசி: ஆய்வாளரின் தேர்வு

பிரித்தானிய நூலகம் 2015இல் தன் படிப்பறைகளில் வாசகர்கள் சொந்தக் கைப்பேசியால் படமெடுக்க இசைவளித்தது. ஒளிவீச்சு கூடாது, பதிப்புரிமைச் சட்டம் பேணப்பட வேண்டும் என்பன போன்ற நிபந்தனைகள் விதிக்கப்பட்டன. நலிந்த நூல்கள் விலக்கப்பட்டன. குறுகிய காலப் பயணமாக இலண்டன் செல்லும் ஆய்வாளர்க்கு இது பெரும் பேறாகும். படியெடுப்புக் கட்டணமின்றி முழு இதழையும், அதன் விளம்பரங்களோடு சேர்த்துக் கொண்டுவர இயலும்.

எனினும் தேர்வுரிமையுடன் ஒரு கடமையும் கைமாறியது. நுண்படச்சுருளின் தொடக்கத்தில் நூற்பெயரும் அழைப்பெண்ணும் சேர்த்தே படமாக்கப்படுவது மரபு. அச்சுருள் பிறர்க்கும் கிடைத்தது. கைப்பேசிப் படமோ நாள், நேரம், வரிசையெண் போன்றவற்றையே தானாகப் பதிகிறது. தலைப்புப் பக்கமும் அழைப்பெண்ணும் படமாக்கப்படாவிடில், சில ஆண்டுகளில் அப்பக்கம் எந்நூலுக்குரியது என்பதே அறியப்படாது போகும். மேற்கோளைச் சரிபார்க்க விரும்பும் மற்றோர் ஆய்வாளர்க்கு அது சான்றாகாது.

முடிவுரை

கைப்பேசி, படியெடுக்கும் உரிமையை நிறுவனத்திடமிருந்து ஆய்வாளரிடம் சேர்த்துள்ளது. பட்டியலிடும் பொறுப்பும் அதனுடன் அவரை வந்தடைந்துள்ளது. ஆய்வு நெறிமுறை கற்பிக்கும் பாடத்திட்டங்களில் படத்துக்குப் பெயரிடுதல், மூலத்தைக் குறித்தல் ஆகிய பயிற்சிகள் இடம்பெறுதல் வேண்டும். அவ்வாறன்றி, படங்கள் பெருகினும் சான்றுகள் பெருகா.