வாரக் கணக்கும் மண்டலக் கணக்கும்: உளக்காயச் சிகிச்சையின் கால அளவு குறித்து

2024 டிசம்பர் 1 அன்று, ஃபெஞ்சல் புயல் கொட்டிய மழையில் அண்ணாமலையின் சரிவு பெயர்ந்து, திருவண்ணாமலை வ.உ.சி. நகர் வீடுகளின் மேல் பாறையும் சேறும் இறங்கின. 7 பேர் இறந்தார்கள். அவர்களில் 5 பேர் சிறுவர், சிறுமியர். இப்படியொரு சாவைப் பக்கத்தில் நின்று பார்த்தவருக்கு அடுத்த மழையின் இரைச்சலே போதும், உடல் விறைத்துவிடும். ஊர்வழக்கில் அதற்குப் பெயர் 'பயந்துட்டாங்க'. மருத்துவம் அதை உளக்காயம் என்கிறது. கவுன்சலிங்குக்குப் போனால் முக்கால் மணி நேரம் பேசவிட்டு, 'அடுத்த வாரம் வாங்க' என்பார்கள். அந்த 'அடுத்த வாரம்' எங்கிருந்து வந்தது என்பதே இக்கட்டுரையின் கேள்வி.

மருந்துக்கு வேளைக் கணக்கு இருப்பதுபோல் பேச்சுச் சிகிச்சைக்கு வாரக் கணக்கு இயல்பானது என்று நினைத்துக்கொள்கிறோம். பேச்சுச் சிகிச்சையைத் தொடங்கிவைத்த சிக்மண்ட் ஃபிராய்டே அப்படிச் செய்யவில்லை. ஞாயிறும் பொது விடுமுறையும் தவிர நாள்தோறும் ஒரு மணி நேரம் தம் நோயாளிகளைப் பார்த்ததாக 1913-இல் எழுதினார். ஞாயிறு ஒருநாள் இடைவெளிக்கே மனம் மேலோடு கட்டிக்கொள்வதாகவும், திங்கட்கிழமை அதை உடைக்க வேண்டியிருப்பதாகவும் குறைப்பட்டுக்கொண்டார். வாரம் ஒருமுறை என்பது பின்னால் வந்த ஏற்பாடு. மருத்துவர் ஒருவர், வரிசை நீளம், கட்டணம் கட்டுபவருக்கும் கை வரம்பு உண்டு என்கிற நிலையில் அது நிலைபெற்றது. நாட்குறிப்பின் வசதி மெல்ல மருத்துவ விதியாகிவிட்டது என்பது என் கருத்து.

தமிழ்நாட்டில் இதற்கு முந்திய அளவு மண்டலம். சித்த மருத்துவத்தில் மருந்துக்கும் பத்தியத்துக்கும், கோயிலில் நேர்த்திக்கும் 48 நாள். திருச்சி மாவட்டம் குணசீலத்தில் பிரசன்ன வேங்கடாசலபதி கோயிலுக்கு மனம் பேதலித்தவரை அழைத்துவந்து 48 நாள் தங்கவைப்பது இன்றும் வழக்கம். உச்சிக்கால பூசையிலும் அர்த்தசாம பூசையிலும் முகத்தில் தீர்த்தம் தெளிப்பார்கள். கோயிலோடு சேர்ந்து மனநல மறுவாழ்வு மையமும் அங்கே உண்டு. திருவண்ணாமலையில் அப்படிப்பட்ட சிகிச்சை மரபு இல்லை. பௌர்ணமிக்கு 14 கிலோமீட்டர் கிரிவலம் நடப்பவரும் ரமணாசிரமத்தில் தங்குபவரும் நோயாளிகளாக வருவதில்லை. செங்கம் சாலைக் காபிக் கடைச் சுவர்களில் 'ஹீலிங் ரிட்ரீட்' விளம்பரம் ஒட்டுகிறவர்கள் இந்த வேறுபாட்டைக் கவனிப்பதில்லை.

கோயில் தங்கலை அளந்து பார்த்தவர்களும் உண்டு. ஆர். ரகுராமும் உடன் ஆய்வாளர்களும் வேலாயுதம்பாளையம்புதூர் முத்துசுவாமி கோயிலில் தங்கிய 31 பேரைப் பின்தொடர்ந்து, 2002-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் எழுதினார்கள். சராசரித் தங்கல் 6 வாரம். நோய்க்குறிகளின் மதிப்பெண் ஏறத்தாழ 20 விழுக்காடு இறங்கியிருந்தது. தனிச்சடங்கு எதுவும் அங்கே இல்லை. பெருக்குவது, செடிக்குத் தண்ணீர் ஊற்றுவது போன்ற சிறு வேலைகள், கூடவே உறவினர் ஒருவர், அவ்வளவுதான். பெரும்பாலோர் மனச்சிதைவு நோயாளிகள், ஒப்பீட்டுக் குழுவும் இல்லை என்பதால் இதிலிருந்து உளக்காயத்துக்கு நேராகத் தாவ முடியாது. ஆனால் தங்கலும் துணையும் சேர்ந்த ஏற்பாட்டைச் சும்மா ஒதுக்கவும் முடியாது.

அந்த ஏற்பாட்டை நவீன மருத்துவத்துக்குள் கொண்டுவந்த இடம் திருவண்ணாமலைக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி 1957-இல் பாகாயத்தில் மனநல மையத்தைத் தொடங்கியபோது, நோயாளியோடு குடும்பத்தார் ஒருவர் தங்கியாக வேண்டும் என்று வைத்தார்கள். அதற்குச் சில ஆண்டு முன்பே அமிர்தசரஸ் மனநல மருத்துவமனை வளாகத்தில் மருத்துவர் வித்யா சாகர் கூடாரம் அடித்துக் குடும்பங்களைத் தங்கவைத்திருந்தார். செவிலியர் பற்றாக்குறைதான் முதல் காரணம் என்று சொல்லிவிடலாம். ஆனால் பற்றாக்குறையில் பிறந்தது முறையாகவே நிலைத்தது: துணைக்கு வந்தவர் நோயைப் புரிந்துகொண்டு வீடு திரும்பினார்.

தங்கல் என்றாலே நன்மை என்று எழுத இடமில்லை. 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் மனநோயாளிகளுக்கான தனியார் விடுதிக் கொட்டகை தீப்பிடித்தபோது, சங்கிலியில் கட்டப்பட்டிருந்த 28 பேர் கருகினார்கள். அங்கேயும் தங்கல் இருந்தது. சிகிச்சை இல்லை, வெளியேறும் உரிமையும் இல்லை.

இனி உளக்காயம். இதற்கான பேச்சுச் சிகிச்சைகளில் பல, அஞ்சி ஒதுக்கிய நினைவை நோயாளியைக் கொண்டே மீண்டும் சொல்லவைக்கின்றன. ஒதுக்குவதுதான் நோயைக் காப்பாற்றி வைத்திருக்கிறது. ஒருநாள் திறந்த நினைவு, ஆறு நாள் இடைவெளியில் மறுபடி மூடிக்கொள்கிறது. ஏழாம் நாள் போகக் கால் எழுவதில்லை. ஃபிராய்டின் திங்கட்கிழமை மேலோடு வாரம் முழுவதும் வளர்ந்தால் எப்படி இருக்கும் என்று எண்ணிக்கொள்ளலாம். அப்படியானால் நெருக்கமாகச் செய்தால் என்ன? பிரிட்டனில் ஆங்கே ஏலர்ஸ் குழுவினர் 2014-இல் வெளியிட்ட ஆய்வில் 121 பேர் நான்கு பிரிவாகப் பிரிக்கப்பட்டார்கள். மூன்று மாதம் வாரந்தோறும் சிகிச்சை பெற்றவர்களில் 77 விழுக்காட்டினர் தேறினர். அதே சிகிச்சையை ஏழே நாளில் அடுக்கிப் பெற்றவர்களில் 73 விழுக்காட்டினர். ஆறுதல் பேச்சு மட்டும் பெற்றவர்களில் 43, காத்திருந்தவர்களில் 7. 2018-இல் எட்னா ஃபோவா குழு, அமெரிக்கப் படைவீரர்களிடம் 10 அமர்வுகளை இரண்டு வாரத்தில் முடித்துப் பார்த்தது. எட்டு வாரத்துக்குப் பரப்பியதற்கு அது சளைக்கவில்லை. நெதர்லாந்தில் 8 நாளில் முடிக்கும் மையமே நடக்கிறது. அடுக்கிச் செய்வது கூடுதலாகக் குணப்படுத்துகிறது என்று இந்த ஆய்வுகள் சொல்லவில்லை. அதே குணத்தைச் சீக்கிரம் தருகிறது என்கின்றன.

சொல்லப்போனால் தமிழர் பகுதிகளில் இது அதற்கும் முன்பே நடந்துவிட்டது. 2004 சுனாமிக்கு ஒரு மாதத்துக்குள், இலங்கையின் வடகிழக்கில் ஒரு முகாமில் உளக்காயப்பட்ட 31 குழந்தைகளுக்கு, பயிற்சி பெற்ற உள்ளூர் ஆசிரியர்கள் இரண்டு வாரத்தில் 6 அமர்வுகள் நடத்தினார்கள். ஒரு பாதிக்கு நடந்ததைக் கதையாகச் சொல்லவைக்கும் முறை, மறுபாதிக்குத் தியானமும் தளர்வுப் பயிற்சியும். ஆறு மாதம் கழித்து முன்னதில் 81, பின்னதில் 71 விழுக்காட்டினர் தேறியிருந்தார்கள். போரையும் பார்த்த குழந்தைகள் அவர்கள் என்பதை மறக்கக்கூடாது.

நாகப்பட்டினம் சுனாமி முகாம்களில் 183 பேரை வைத்து நடந்த ஆய்வு 2010-இல் வெளியானது. ஒரு குழுவுக்கு நான்கு நாள் மூச்சுப்பயிற்சி. இன்னொரு குழுவுக்கு அதோடு நினைவை நேர்கொள்ளும் சில மணி நேர அமர்வு. மூன்றாம் குழு காத்திருந்தது. ஆறாம் வாரத்தில், 17 முதல் 85 வரை போகும் அளவுகோலில் முதலிரு குழுக்களுக்கும் 40 புள்ளியை ஒட்டிய இறக்கம். காத்திருந்தவர்களுக்கு 5-ஐக்கூடத் தொடவில்லை. இவ்வளவு பெரிய எண்ணைப் பார்த்தால் எனக்குச் சற்று ஐயம் வரும். மேலும் குழுக்களை ஆளாளாகக் குலுக்கிப் போடவில்லை, முகாம் முகாமாகப் பிரித்தார்கள். ஆய்வு முறைப்படி அது குறைதான்.

திருவண்ணாமலைக்குத் திரும்பினால் கணக்கு வேறு. ஜவ்வாது மலையின் ஜமுனாமரத்தூரிலிருந்து ஊருக்கு இறங்கி ஒரு மணி நேரம் பேசித் திரும்பினால் ஒருநாள் கூலி போயிற்று. பன்னிரண்டு வாரத்துக்குப் பன்னிரண்டு கூலி, பன்னிரண்டு பஸ் கட்டணம். ஏழு நாள் தொடர்ந்து தங்கினால் செலவு குறையும். ஆனால் ஆட்டையும் பிள்ளையையும் பார்த்துக்கொள்ள வீட்டில் ஆள் வேண்டும், கூடத் தங்கவும் ஆள் வேண்டும்.

வேலூர் முறை இடறுவதும் இங்கேதான். வீட்டில் ஒருவர் நோயுற்று மற்றவர் திடமாக இருந்தால் துணைக்கு வரலாம். வ.உ.சி. நகரில் ஒரே நாளில் ஒரு தெருவே இழந்தது. யாருக்கு யார் துணை? நாகப்பட்டினத்தில் குறையாகப் பட்ட அந்த முகாம்வாரிப் பிரிப்பை இந்தக் கேள்வியோடு திரும்பிப் பார்க்கிறேன். அங்கே ஒரு முகாமில் இருந்தவர்கள் ஒரே குழுவாகவே நான்கு நாளும் மூச்சை இழுத்துவிட்டுக்கொண்டிருந்தார்கள்.